முகமூடி தைத்த மே மாதம்

1

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் மகள் நிரோ விட்பியிலிருந்து செய்தி அனுப்பினாள். "அம்மா, உங்கட மூவி ரீவியில போகுது. கெதியாப் போடுங்கோ."

ஐரோப்பாவில் பெரிய போர் முடிந்தது மே மாதம் எட்டாம் திகதி. அதையொட்டி இங்கே கனடாவில் தொலைக்காட்சியில் ஒரு கிழமைக்குப் போர்ப் படங்களாகவே போடுவார்கள். நிரோ சொன்ன 'உங்கட மூவி' நான் நடித்த படமல்ல, தைத்த படம். நாஜிகளின் பிடியில் இருக்கும் ஒரு சின்ன ஐரோப்பிய ஊர். தபால் கொண்டுபோகும் ஓர் இளம் பெண் தன் சைக்கிள் பையின் அடித்துணிக்குள் எதிர்ப்பு இயக்கத்தின் செய்திகளை ஒளித்துக் கடத்துகிறாள். குழுவிலிருந்து ஒருவர் பின் ஒருவராகப் பிடிபடுகிறார்கள். உள்ளே இருந்து யாரோ காட்டிக்கொடுக்கிறார்கள். அது யார் என்பதுதான் கதை.

அந்தப் படம் தியேட்டருக்கு வந்தபோது நான் போகவில்லை. பிறகும் பார்த்ததில்லை. அன்றைக்குத் துணி மினுக்கிக்கொண்டிருந்தவள் அயர்ன் பெட்டியை நிறுத்திவிட்டுச் சோபாவில் இருந்து கடைசி மட்டும் பார்த்தேன். பார்த்து முடிய, இதை எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது. ஊரில் இருக்கிற உங்களில் சிலருக்கு இதிலே பாதி தெரிந்திருக்கும். தெரிந்தும் பேசாமல் இருந்திருப்பீர்கள், என்னைப் போல.

2

இது 2009ஆம் ஆண்டு வசந்தத்தில் நடந்தது. அப்போது நான் ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் சினிமாவுக்கும் நாடகத்துக்கும் உடுப்புத் தைத்துக் கொடுக்கும் ஒரு கூடத்தில் வேலை செய்தேன். வீடு மல்வேர்னில். காலையில் ஆறு மணிக்கு வெளிக்கிட்டு இரண்டு பஸ் மாறினால் ஏழேகாலுக்கு மெஷினில் இருப்பேன். ரொறன்ரோவில் நிறையப் படம் எடுப்பார்கள். நகரத்துக்குள் பழைய செங்கல் கட்டடங்களும் கல்லுப் பதித்த ஒழுங்கைகளும் உள்ள இடங்கள் இருக்கின்றன. நாலு கடைப் பலகையை மாற்றி மாட்டினால் அது ஐரோப்பா.

அந்த ஏப்ரல், மே இரண்டு மாதமும் எங்களுக்கு ஜெர்மன் பட்டாளத்து உடுப்புத்தான். கொலர், தோள்பட்டி, கைப்பட்டி. சிவப்புத் துணியில் வெள்ளை வட்டம், அதற்குள் கறுப்பில் அந்த ஸ்வஸ்திகாச் சின்னம். என்னோடு வேலை செய்த குஜராத்திப் பெண் அதைத் தைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். தங்கள் வீட்டு வாசலில் கும்பிடுகிற சின்னமாம். நான் வேதக்காரி, கிறிஸ்தவள் என்றபடியால் கட்டு முழுவதும் என் மேசைக்கு வந்தது.

தம்பி அன்ரன், அவன் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், நாலு பேரும் அப்போது வன்னியில் கடலோரத்து அந்தக் கடைசித் துண்டு நிலத்தில் இருந்தார்கள். ஏப்ரல் நடுவில் ஒருதரம் பேசினான். "அக்கா, முன்னாலை கடல் தெரியுது. இனி அங்காலை போக இடமில்லை" என்றான். அதோடு தொடர்பு அறுந்தது. கூடத்தில் தொலைபேசி வைத்திருக்கக் கூடாது. நான் சத்தத்தை நிறுத்தி மேலங்கிப் பைக்குள் வைத்திருப்பேன். மெஷின் அதிரும்போதெல்லாம் அது தொலைபேசியோ என்று நெஞ்சு திடுக்கிடும். பார்த்தால் ஒன்றும் இராது. திரும்பவும் மெஷின்.

நிரோவுக்கு அப்போது பதினெட்டு வயது. முதல் வருடப் பல்கலைக்கழகம். வகுப்பை விட்டுவிட்டு நாள் முழுக்க போரை நிறுத்தச் சொல்லிக் கத்தியபடி நகரத்தின் நடுவில் கொடியோடு நின்றாள். இரவுச் சாப்பாட்டுக்குத் தொண்டை அடைத்தபடி வருவாள். ஒருநாள் என் பைக்குள் இருந்த படத்தின் கதைச் சுருக்கத் தாளை எடுத்து வாசித்தாள்.

"அங்க சனம் சாகுது. நீங்க நாஜிக்கு யூனிஃபோம் தைக்கிறீங்கள்."

"வேலை எண்டால் வேலைதானே பிள்ளை."

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். "இதில ஆரம்மா காட்டிக்குடுக்கிறது? அவளின்ர லவ்வரா? வாவ். இன்ஃபோமர்தான் எல்லாரிலும் கேவலம். எங்கட ஆக்களிலயும் அப்பிடி இருந்தவங்களாம். அவங்களை எல்லாம் சும்மா விட்டிருக்கக் கூடாது."

நான் சோற்றைப் பிசைந்தபடி இருந்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிய, கூடத்திலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி இருந்த பிலோமினா அன்ரியின் அப்பார்ட்மென்டுக்குப் போவேன். அன்ரி எங்கள் ஊரில் எங்களுக்கு முன்வீடு. மகள் ஸ்பொன்சர் செய்து எடுப்பித்துக் கனடா வந்தவர், தனியாக இருந்தார். மூத்தவன் ரெஜியின் படம் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டியிருக்கும். ரெஜியை இருபது வருடத்துக்கு முன் பிடித்துக்கொண்டு போனவர்கள் திருப்பித் தரவில்லை. அன்ரி எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தருவார். நான் எப்போதும் படத்துக்கு முதுகைக் காட்டி இருக்கும் கதிரையில் இருப்பேன்.

மே மாதம் பதினெட்டாம் திகதி சண்டை முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. அடுத்த நாள் வேலைக்குப் போனபோது எங்கள் மேற்பார்வையாளர் லிண்டா ஒரு வரைபடத்தை என் மேசையில் வைத்தாள். தலையையும் கழுத்தையும் மூடும் கறுப்புப் பை. கண்ணுக்கு இரண்டு வட்ட ஓட்டை.

"இது ஒன்றுதான் மிச்சம். நாளைக்குள் வேண்டும்" என்றாள்.

3

எங்கள் தலைமுறைக்கு அந்தப் பை என்னவென்று தெரியும். எந்த ஆமி என்று நான் எழுதப் போவதில்லை. எங்கள் ஊருக்குள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு சீருடைகள் வந்து போயின.

சுற்றிவளைப்பு என்றால் விடிய நாலு பக்கமும் மறித்து, ஆண்கள் எல்லாரையும் தேவாலய வளவுக்குள் வரச் சொல்லுவார்கள். வளவு வாசலில் ஜீப் நிற்கும். அதற்குள் தலையில் சாக்குப் போட்ட ஒருவர் இருப்பார். எல்லாரும் வரிசையாக ஜீப்பைக் கடந்து போக வேண்டும். சாக்கு ஆடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். ஆடினால் லொறி. சாக்குக்குள் இருப்பவரைத் தலையாட்டி என்போம். அவரும் எங்கள் ஆட்களில் ஒருவர்தான், பிடித்து அடித்துக் கொண்டுவந்து இருத்தப்பட்டவர். ஆனால் அந்த நேரத்தில் யாரும் அப்படி நினைப்பதில்லை.

அன்ரனுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவனைப் பிடித்துப் பத்து நாளாகியிருந்தது. அம்மாவும் நானும் ஒவ்வொரு நாளும் முகாம் வாசலுக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தோம். பதினோராம் நாள் சுற்றிவளைப்பு. பெண்களை மதிலோரம் நிற்பாட்டியிருந்தார்கள். ஜீப் எங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி.

சாக்குக்குக் கீழே தெரிந்த சேர்ட் வெள்ளையில் மண்ணிறக் கோடு போட்டது. நெஞ்சுப் பொக்கற்றுக்குத் துணி போதாமல் கோடுகளைக் குறுக்கே வைத்துத் தைத்திருந்தது. என் மெஷினில், என் கையால் தைத்தது. அன்ரனைப் பிடித்தபோது அவன் உடம்பில் இருந்தது.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, நகம் பதிய இறுக்கினார். "நீ ஒண்டும் காணேல்லை" என்றார், உதடு அசையாமல்.

அன்றைக்குச் சாக்கு மூன்று தரம் ஆடியது. மூன்றாவது ரெஜிக்கு. மதிலோரத்தில் எங்களோடு நின்ற பிலோமினா அன்ரி குழறிக்கொண்டு ஓடினார். துவக்குப் பிடியால் தள்ளி விழுத்தினார்கள். நான்தான் போய்த் தூக்கினேன்.

மூன்று நாள் கழித்து அன்ரனை விட்டார்கள். இரண்டு கிழமை அவன் அறையை விட்டு வெளியே வரவில்லை. பிறகு வன்னிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். நான் கலியாணம் முடித்துக் கனடா வந்தேன். அம்மா செத்தார். மாதத்துக்கு ஒரு தரமாவது தம்பியோடு பேசியிருப்பேன். பிள்ளைகள், மழை, சுகம் எல்லாம் பேசினோம். அதை மட்டும் நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

4

படப்பிடிப்பு நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் வளவுக்குள். உடுப்புக் கிழிந்தால் தைக்க ஓராள் நிற்க வேண்டும் என்று லிண்டா என்னைக் கூட்டிப் போனாள். கல்லுத் தெருவில் நான் தைத்த உடுப்போடு ஐம்பது அறுபது பேர் கோப்பி குடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைத் தாண்டிப் போக என் கால்கள் கூசின. சீருடையைக் கண்டால் ஒதுங்கிப் போய்ப் பழகிய கால்கள்.

காட்சி இதுதான். ஊர்ச் சனத்தைச் சதுக்கத்தில் வரிசையாக விடுகிறார்கள். முகமூடி போட்டவன் லொறியின் பின்பலகையில் இருந்து ஆளைக் காட்டுகிறான். அந்த வேடத்தில் டேனியல் என்ற உயரமான பையன். நான் தைத்த கறுப்புப் பையைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து இருந்தான். இயக்குநர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். "மெதுவாகத் தலையை அசை, தீர்ப்புச் சொல்லும் நீதிபதி மாதிரி" என்றார். டேனியல் அப்படியே செய்தான்.

"நோ" என்று ஒரு சத்தம் வந்தது. அது என் வாயிலிருந்து வந்தது என்பது எல்லாரும் திரும்பிப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

லிண்டா என் முழங்கையைப் பிடித்தாள். இயக்குநர் கிட்ட வந்து, அது அப்படியில்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

நான் "ஐ சீ" என்றேன்.

கண்டிருக்கிறேன் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அவருக்கு அது 'விளங்குகிறது' என்று கேட்டிருக்கிறது. "நல்லது" என்று தலையாட்டிவிட்டுத் திரும்பினார். இந்த நாட்டில் இத்தனை வருடம் இருந்தும் அவசரத்துக்குக் காலம் பிழைத்துப் போகும் என் இங்கிலீஷ். பின்னால் போய் அவருடைய கோட்டைப் பிடித்தேன். "ஐ சோ. மை கண்ட்ரி. மை ஐஸ்" என்று என் கண்ணைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் நின்றார். "சொல்லுங்கள்" என்றார்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். துணி இல்லை, சாக்கு. ஓட்டையை அளந்து வெட்டுவதில்லை, கத்தியால் கிழிப்பார்கள், ஒரு கண்ணுக்குச் சரியாக இருந்தால் மற்றதற்கு இராது. உள்ளே இருப்பவர் நிமிர்ந்து இருக்க முடியாது, அடிபட்ட உடம்பு முன்னுக்குச் சரியும். பின்னால் ஒருவன் நிற்பான், அவனுடைய கை இவருடைய பிடரியில் இருக்கும்.

அந்தக் கடைசி வசனம் வரைக்கும் எனக்கே அது ஞாபகத்தில் இல்லை. சேர்ட்டைக் கண்ட கண் அந்தக் கையையும் கண்டிருக்கிறது. நான்தான் இருபது வருடமாக எடுத்துப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

அலங்காரத்துக்கு வைத்திருந்த கோப்பிக்கொட்டைச் சாக்கு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நான் கத்தரிக்கோலால் குத்திக் கிழித்தேன். டேனியலுக்கு எப்படிச் சரிந்து இருப்பது என்று பிடிபடவில்லை. "ஒரு தரம் நீங்கள் செய்து காட்டுவீர்களா?" என்று இயக்குநர் கேட்டார். "வேண்டாமென்றால் வேண்டாம்."

நான் லொறியின் பின்பலகையில் ஏறி இருந்து சாக்கைப் போட்டேன்.

உள்ளே தூசு மணம். என் மூச்சு எனக்கே திரும்பி வந்தது. ஓட்டையால் தெரிந்தது கடந்து போகிறவர்களின் நெஞ்சிலிருந்து இடுப்பு வரை மட்டும்தான். முகத்தைப் பார்க்கத் தலையை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் பிடரியில் இருந்த கை அழுத்தியது. பட்டாளத்துக்காரனாக நடித்தவன் நல்ல பையன், மெல்லமாகத்தான் அழுத்தினான். அவ்வளவுக்கே என் தலை முன்னே போய் வந்தது. வரிசையில் போன ஆளை "நீ வா" என்று யாரோ இழுத்துப் போனார்கள். நான் ஆட்டவில்லை. ஆனால் ஆடிவிட்டது. இன்னொருவர் வந்தார். திரும்பவும் கை.

சாக்கைக் கழற்றியபோது டேனியல் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான்.

அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது எனக்கு அழுகையோடு ஒரு ஆறுதலும் வந்தது. தம்பி ஆட்டவில்லை. கைதான் ஆட்டியது. அவன் உயிரோடு இருந்தால் முதல் வேலையாக அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

5

ஜூன் தொடக்கத்தில் ஒரு காலை, மல்வேர்னில் பஸ்ஸுக்கு நின்றபோது தொலைபேசி அதிர்ந்தது. தெரியாத இலக்கம்.

"அக்கா, நான் அன்ரன்."

"பிள்ளையள்?"

"நாலு பேரும் இருக்கிறம். சனத்தை அடைச்சு வைச்ச முகாமுக்குள்ளை. ஒராளின்ரை போன் இது, களவாத்தான் கதைக்கிறன், சத்தம் போடாதேங்கோ." அவன் கிசுகிசுத்தான். "அக்கா, இஞ்சையும் ஒருத்தனுக்கு முகமூடி போட்டுக் கொண்டு வந்து நிப்பாட்டுறாங்கள். ஒவ்வொரு நாளும் ஆக்களைக் கூட்டிக்கொண்டு போறாங்கள்."

"உன்னை ஆரும்…"

"என்னைக் காட்டுவாங்கள் எண்டு பயமில்லை. திரும்பவும் என்னைக் கொண்டுபோய் இருத்திப் போடுவாங்களோ எண்டுதான்."

'திரும்பவும்' என்ற சொல்லை அவன் சொன்னது அதுதான் முதல் தரம்.

"எனக்குத் தெரியும் தம்பி" என்றேன். "அண்டைக்கு நீ போட்டிருந்த சேர்ட் நான் தைச்சது."

அவன் ஏதும் சொல்ல முந்தி நான் அவசரமாகச் சொன்னேன். "உன்ரை கழுத்திலை அவங்களின்ரை கை இருந்தது. அவங்கள்தான் தள்ளினவங்கள். நீ ஆட்டேல்லை. எனக்கு இப்ப வடிவாத் தெரியும்."

"ரெண்டு பேருக்குக் கைதான் தள்ளினது அக்கா" என்றான். "ரெஜிக்கு நான்தான் ஆட்டினனான்."

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. சாரதி என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை. கதவு மூடிப் பஸ் போய்விட்டது.

"அவன்தான் உன்னைக் காட்டினவன் எண்டு பத்து நாளும் சொல்லிச் சொல்லி அடிச்சவங்கள். நான் நம்பிப் போட்டன். அவன் கிட்ட வரேக்கை கை தள்ள முந்தி நானே ஆட்டிப் போட்டன்."

"உண்மையாய் அவன்தானோ?"

"இல்லை. என்னை விடுற அண்டைக்கு உள்ளை அவனைக் கண்டனான். சுவரோடை இருந்தவன். அடி வாங்கின முகம், எண்டாலும் உயிரோடைதான் இருந்தவன். காட்டிக்குடுத்தவனை அப்பிடி வைச்சிருப்பாங்களோ? என்னைப் பாத்து, 'அம்மாட்டைச் சொல்லு' எண்டவன். அதுக்குள்ளை என்னைத் தள்ளிக்கொண்டு போட்டாங்கள்."

"நீ சொல்லேல்லையோ?"

"எந்த முகத்தோடை அக்கா சொல்லுறது?"

தொடர்பு அறுந்தது.

6

அன்ரனை எடுப்பிக்க வழியிருக்கிறதா என்று விசாரித்தேன். சகோதரர்களை நேரடியாக எடுப்பிக்க முடியாது. மனிதாபிமான அடிப்படையில் போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு குடிவரவு ஆலோசகர் படிவங்களைத் தந்தார். பெயர், பிறந்த இடம், பத்து வருடமாக இருந்த முகவரிகள். தம்பி பத்து வருடத்தில் எத்தனை இடம் இடம்பெயர்ந்தான்? ஒரு மரத்துக்குக் கீழே கிடந்ததற்கு என்ன முகவரி எழுதுவது?

கடைசித் தாளில் ஒரு கேள்வி. கைதிகளோ பொதுமக்களோ துன்புறுத்தப்பட்டதை நீங்கள் எப்போதாவது கண்டதுண்டா, அல்லது அதில் பங்குகொண்டதுண்டா? ஆம் அல்லது இல்லை. கண்டவருக்கும் செய்தவருக்கும் ஒரே பெட்டி.

"இல்லை எண்டு போட்டு விடுங்கோ அக்கா" என்றார் ஆலோசகர். "ஆர் பாக்கப் போயினம்?"

பேனையை எடுத்தேன். வைத்தேன். மூன்று கிழமை அந்தத் தாள் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே கிடந்தது. அந்த மூன்று வெள்ளிக்கிழமையும் தலையிடி, வேலை என்று சாட்டுச் சொல்லி அன்ரியிடம் போகாமல் இருந்தேன். நாலாவது வெள்ளி போனேன்.

அன்ரி அடுப்பில் கீரை வைத்திருந்தார். நான் கதிரையைத் திருப்பிப் போட்டு ரெஜியின் படத்தைப் பார்த்தபடி இருந்தேன். நின்றுகொண்டே கேட்டார், "என்ன பிள்ளை, தம்பியாக்களுக்கு ஏதும்…?"

சொன்னேன். சேர்ட், சாக்கு, கை, ரெஜிக்கு அவனே ஆட்டியது, உள்ளே கண்டது, "அம்மாட்டைச் சொல்லு" என்றது. எதையும் விடவில்லை. அன்ரி கையை நீட்டி அடுப்பை நிற்பாட்டினார்.

"அன்ரனோ?" என்றார்.

"ஓம் அன்ரி."

"உனக்கு அண்டைக்கே தெரியும்."

"ஓம்."

"என்னைத் தூக்கிக்கொண்டு வரேக்கையும் தெரியும்."

"ஓம் அன்ரி."

அன்ரி போய்க் கதவைத் திறந்துவிட்டார். "போ" என்றார். நான் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்ல? அன்ரி குடிவரவு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும், தம்பியின் கதை முடிந்தது. ஊரில் யாருக்காவது ஒரு வார்த்தை சொன்னால் அதைவிடக் கெட்டது. அப்படிச் செய்தால் அது பிழை என்றும் என்னால் சொல்ல முடியாது. தபால்பெட்டியைத் திறக்கவே பயந்தேன். பூசைக்குப் போனால் அன்ரியின் இடம் வெறுமையாகக் கிடந்தது. அவர் வேறு கோயிலுக்குப் போகத் தொடங்கியிருந்தார்.

ஓகஸ்டில் ஒரு நாள், கூடத்தின் முன்பக்கத்தில் என்னைத் தேடி ஓர் அம்மா வந்திருப்பதாக லிண்டா சொன்னாள். போனேன். கழற்றிக் கொண்டுவந்து தொங்கவிட்டிருந்த அந்தப் பட்டாளத்து உடுப்புகளுக்கு நடுவே அன்ரி கையில் ஒரு கோப்போடு நின்றார். இருபது வருடமாக அவர் அதிகாரிகளுக்கு எழுதிய கடிதங்களுக்கு வந்த பதில்கள். எல்லாவற்றிலும் ஒன்றுதான் இருந்தது. அப்படியொருவரை நாம் கைது செய்யவில்லை.

"லொறியிலை ஏத்தினதை ஊரே கண்டது. இடையிலை ஓடிட்டான் எண்டுறாங்கள்" என்றார் அன்ரி. "உள்ளை கண்ட ஆள் ஒருத்தரும் இல்லை. உன்ரை தம்பியைத் தவிர. அவனை எழுதித் தரச் சொல்லு."

"எழுதினால் அவன் இஞ்சை வரேலாது அன்ரி. தான் என்ன செய்தவன் எண்டும் எழுதோணுமே."

"தெரியும்."

"அங்கை அவனுக்கு ஆபத்தும் வரலாம்."

"தெரியும் பிள்ளை. தெரிஞ்சுதான் கேக்கிறன். மன்னிச்சுப் போட்டன் எண்டு நினையாதை. எனக்கு எழுத்து வேணும்."

முகாமிலிருந்து வெளியே விட்ட பிறகு அன்ரன் குடும்பத்தோடு மன்னாரில் ஒரு வீட்டில் இருந்தான். அன்ரி கேட்டதை வார்த்தை மாறாமல் சொன்னேன். "எழுதாமலும் விடலாம் தம்பி. உனக்கு ரெண்டு குமர்ப்பிள்ளையள்" என்றும் சொன்னேன். அவன் யோசித்துச் சொல்கிறேன் என்றான். பிறகு அழைக்கவேயில்லை. நவம்பரில் தபாலில் வந்தது, அப்பியாசக் கொப்பித் தாள் இரண்டு, இரண்டு பக்கமும். கடைசியில் முழுப் பெயர், கையெழுத்து, திகதி.

7

படத்தில் கடைசியில் முகமூடி கழன்று விழுகிறது. உள்ளே அந்தத் தபால் பெண்ணின் காதலன். அவள் அவனைச் சுடுகிறாள். இசை எழும்புகிறது. போன வெள்ளிக்கிழமை அதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. அவர்களுக்கு இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். சாக்குக் காட்சியில் பிடரியில் அந்தக் கை இருந்தது. சில வினாடிதான், ஆனால் இருந்தது.

அன்ரனின் விண்ணப்பத்தை நான் அனுப்பவில்லை. அவன் இன்றைக்கும் மன்னாரில் படகு எஞ்சின் திருத்துகிறான். காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கும் ஒரு வெளிநாட்டு அலுவலகத்துக்கு அவனுடைய கடிதத்தை அனுப்பினோம். கிடைத்தது என்று ஓர் இலக்கத்தோடு பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பிலோமினா அன்ரி இரண்டு குளிர்காலத்துக்கு முன் செத்துப்போனார். கோப்பு இப்போது என்னிடம்.

அந்தக் கடிதத்தை இங்கிலீஷில் மாற்றிய நாளை மட்டும் எழுதிவிடுகிறேன்.

நிரோவிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. கேட்பதற்கு முன் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. அவள் மாமனின் கையெழுத்தை எழுத்துக் கூட்டி வாசித்தாள். தமிழ் வாசிப்பதில் அவள் அவ்வளவு கெட்டிக்காரி இல்லை. நாலு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. முடித்துவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் லாப்டொப்பைப் பையில் போட்டுக்கொண்டு, "அந்த அன்ரியின்ர வீடு எங்க?" என்றாள்.

அன்ரியின் சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் இருந்தோம். தலையாட்டினேன் என்ற சொல்லிலேயே தடக்கியது. நிரோ 'நொட்' என்ற சொல்லைப் போட்டாள். இங்கே தெருவில் முன்பின் தெரியாதவருக்கும் அதைத்தானே செய்கிறார்கள், வாசிக்கிறவருக்கு விளங்காது என்றேன். "ஐடென்டிஃபைட் எண்டு போடட்டா? அது டெட் பொடியைக் காட்டுற மாதிரி இருக்கம்மா." கடைசியில், படையினருக்குத் தலையசைவால் அடையாளம் காட்டினேன் என்று நீட்டி எழுதினாள். எழுதிவிட்டு, திரையையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"மாமாக்கு அப்ப என்னைவிட ஒரு வயசுதான் கூட" என்றாள்.

உள்ளே கண்ட இடம் வந்தது. நிரோ தட்டியதைத் தமிழில் சொல்லச் சொன்னார் அன்ரி.

"அவர் அப்ப உயிரோட இருந்தார் எண்டு போட்டிருக்கிறன், அன்ரி."

அன்ரி மேசை விரிப்பை நீவிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "இருந்தார் எண்டால் இப்ப இல்லை எண்டெல்லோ வரும்?"

நிரோ என்னைப் பார்த்தாள்.

"அப்பிடிப் போடாதை பிள்ளை. கண்டனான் எண்டு போடு. உயிரோடை கண்டனான் எண்டு."

நிரோ அந்த வசனத்தை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். அவரை நான் உயிரோடு கண்டேன் என்று திரும்ப எழுதினாள். எழுதிவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அப்ப, அதுக்குப் பிறகு என்ன நடந்தது எண்டு கேப்பாங்களே அன்ரி?"

"கேக்கட்டும்" என்றார் அன்ரி. "அதுக்குத்தானே எழுதுறம்."